பூ விழுந்த குதிரைக் கண்ணும் சினை பார்க்கும் ஸ்கான் கருவியும்

மட்டக்களப்பு, கால்நடை வைத்தியர்:

எங்கள் மாவட்டத்தில் கால்நடை வைத்தியம் பார்ப்பவருக்குக் குதிரை எப்போதாவது வரும் நோயாளிதான். நாட்கள் பட்டி மாடுகளோடும் எருமைகளோடும் கழிகின்றன. என்னிடமுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியும் பசு சினைப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக வாங்கியதே. அதைக் குதிரையொன்றின் கண்மீது வைக்க நேர்ந்த அனுபவம், இதே நிலைமையைச் சந்திக்கக்கூடிய இளைய வைத்தியர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கல்குடாப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காக வளர்க்கப்பட்ட பெண் குதிரை அது. மாரி மழை ஓய்ந்த பின்னர் அதன் இடது கண்ணிலிருந்து நீர் வடியத் தொடங்கியது. வெயிலில் கண்ணைத் திறக்க மறுத்தது. நான் போய்ப் பார்த்தபோது, கருவிழிக்கு முன்னால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கவேண்டிய விழிவெண்படலம் முழுவதும் நீலங்கலந்த வெண்மையாகியிருந்தது. “கண்ணில பூ விழுந்திட்டு டொக்டர். மருந்துக்கடையில ஒரு சொட்டு மருந்து தந்தாங்க, உட்டுப் பாத்தன், சரிவரல்ல” என்றார் உரிமையாளர். போத்தலை வாங்கிப் பார்த்தேன்: மனிதருக்குரிய ஸ்டீரொயிட் சொட்டு மருந்து. விழிவெண்படலத்தில் புண் இருக்கும்போது ஸ்டீரொயிட் விடுவது எந்த விலங்குக்கும் ஆபத்து; பூஞ்சணத் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும் குதிரைக் கண்ணுக்கோ, அதுவும் நமது ஈரப்பதன் மிகுந்த காலநிலையில், இன்னும் பெரிய ஆபத்து. ஆகையால் முதல் வேலையாக, புண்ணில் பச்சையாகப் பிடிக்கும் ஃபுளோரசீன் சாயமிட்டுப் பார்த்தேன். பச்சை எங்கும் பிடிக்கவில்லை, புண் இல்லை. ஆனால் படலம் ஏன் வெளுத்தது என்பதைச் சாயம் சொல்லாது. டோர்ச் வெளிச்சமும் அந்த வெண்மையைத் தாண்டி உள்ளே போகவில்லை.

வெளிச்சம் புகாத படலத்தை ஒலியலை தடையின்றிக் கடந்துவிடும் என்பதே இங்கே அல்ட்ராசவுண்டின் பெறுமதி. எனினும் குதிரையின் கண்ணைப் பரிசோதிப்பது சும்மா காரியமன்று. இமையை மூடும் தசை அத்தனை பலமானது. விரலால் வலிந்து திறக்க முயன்றால் அந்த அழுத்தம் முழுவதும் கண்கோளத்தின்மீது இறங்கும். சைலசீன் கொடுத்து மயக்கநிலைக்குக் கொண்டுவந்த பின், கன்ன எலும்பு வளைவின்மேல் விரலுக்கடியில் உருளும், இமையை அசைக்கும் நரம்பைத் தேடி லிக்னோகெயின் என்ற மரக்கச் செய்யும் மருந்தை ஏற்றினேன். அது இமையின் அசைவை மட்டுமே நிறுத்தும், உணர்ச்சியை நிறுத்தாது. எனவே கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு மருந்தும் தேவைப்பட்டது.

மூடிய இமையின்மேல் ஜெல் தடவிக் கருவியின் முனையை நேரடியாக வைத்தபோது, முனையை ஒட்டித் தோன்றும் பிரகாசமான பட்டைக்குள் விழிவெண்படலம் மறைந்துபோனது. குதிரையின் படலம் நடுப்பகுதியில் ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. சினை பார்க்கும் கருவியின் 5 முதல் 7.5 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைக்கு அவ்வளவு அருகிலுள்ள மெல்லிய பொருள் பிடிபடாது. ஆகவே பரிசோதனைக் கையுறையின் விரலொன்றில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிக் கட்டி, முனைக்கும் கண்ணுக்கும் இடையில் வைத்துக்கொண்டேன். படலம் முனையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனதும் படம் தெளிந்தது. ஒன்றுக்கொன்று இணையான இரண்டு மெல்லிய கோடுகள் படலத்தின் முன்பக்கமும் பின்பக்கமும். அவற்றின் இடைவெளி, ஒப்பீட்டுக்காக முதலிலேயே பார்த்து வைத்திருந்த வலது கண்ணைவிட அகன்று, படலம் வீங்கியிருப்பதைக் காட்டியது. அதற்குப் பின்னால் நீர் நிறைந்த முன்னறையின் கருமை, அதற்கும் பின்னால் வில்லையின் வளைவுகள்.

அந்தக் கருமைக்குள் குட்டையான ஓர் இரட்டைக் கோடு வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. குதிரையோ தலையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றது. என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த உரிமையாளர்தான் முதலில் “உசும்புது” என்றார்.

அது மாடுகளினதும் எருமைகளினதும் வயிற்றறையில் பெரிய தொந்தரவின்றி வாழும் செற்றாரியா டிஜிற்றாட்டா என்ற புழு. நுளம்பு மாட்டைக் கடித்து அதன் இளம்பருவத்தை எடுத்துச் சென்று குதிரையில் விட்டுவிட்டால், தனக்குரியதல்லாத அந்த உடலில் புழு வழிதவறி முள்ளந்தண்டுக்கோ கண்ணுக்கோ போய்ச் சேர்கிறது. எருமைப்பட்டிகளும் மாரிக்குப் பிந்திய நுளம்பும் நிறைந்த இப்பிரதேசத்தில் குதிரை வளர்ப்பவர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. படலம் தெளிவாக இருக்கும்போது வெள்ளை நூல் போன்ற இப்புழு வெறுங்கண்ணுக்கே தெரியும்; வெளுத்த பின்னர் ஸ்கான் மட்டுமே காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: குதிரையின் கண்மணி விளிம்பில், குறிப்பாக மேல்விளிம்பில், இயற்கையாகவே கருநிறக் கட்டிகள் உண்டு. திரையில் அவை பிரகாசமாகத் தெரிந்து, பழக்கமில்லாதவரைக் கழலையென்றோ புழுவென்றோ எண்ண வைக்கும். அவை தாமாக நெளிவதில்லை.

விழித்திரையையும் பார்த்துக்கொண்டேன். அது கழன்றிருந்தால் பார்வை நரம்பில் ஒட்டியபடி இரு சிறகு விரித்த வடிவில் தெரியும், அப்படியொன்றும் இல்லை. ‘செலவு செய்து அறுவைச் சிகிச்சை செய்தால் கண் தெரியுமா’ என்ற கேள்விக்கு அந்த ஒரு பார்வைதான் பதில் தந்தது. புழுவை ஊசிமருந்தால் உள்ளேயே கொல்வதை நான் விரும்பவில்லை. செத்த புழு கண்ணுக்குள் அழற்சியைக் கூட்டும். வசதியுள்ள இடத்துக்குக் குதிரையை லொறியில் அனுப்பினோம். படலமும் வெள்விழியும் சேரும் விளிம்பில் சிறு கீறலிட்டு, முன்னறை நீரோடு புழுவை வெளியே எடுத்தார்கள். வெண்மை படிப்படியாகக் குறைந்தது. ஓரத்தில் ஒரு தழும்பு மட்டும் நிற்கிறது.

சம்மாந்துறை, கால்நடை வைத்தியர்:

டொக்டர் எழுதியவற்றோடு, ஸ்கான் செய்யாமல் விட்ட ஓர் அனுபவத்தையும் சேர்க்கிறேன். வைக்கோல் குத்திய கண்ணோடு ஒரு வண்டில் மாடு கொண்டுவரப்பட்டது; “உள்ளுக்கு என்ன நடந்திருக்கு எண்டு ஸ்கான் பண்ணிப் பாருங்க” என்று உரிமையாளர் வற்புறுத்தினார். சாயமிட்டபோது புண்ணின் ஓரம் வளையமாகப் பச்சை பிடித்தது. நடுப்பகுதி மட்டும் நிறம் ஏறாமல் கண்ணாடிக் கொப்புளம்போல் புடைத்து நின்றது. சாயம் பிடிக்கவில்லை என்று அதை ஆறிய புண்ணாக எடுத்துக்கொள்ளக்கூடாது. படலம் முழுவதும் கரைந்து, சாயத்தை ஏற்காத கடைசி மென்தோல் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதே அதன் பொருள். அதன்மேல் கருவியை மெல்ல வைத்தாலும் கண் உடைந்துவிடலாம். குதிரையிலும் இதே விதிதான். வெறுங்கண்ணும் சாயமும் போதிய விடை தந்துவிட்ட இடத்தில் கருவியை எடுப்பது வைத்தியரின் ஆர்வத்துக்காகவே தவிர விலங்கின் நலனுக்காக அன்று.

மட்டக்களப்பு, கால்நடை வைத்தியர்:

முற்றிலும் உடன்படுகிறேன். சினை பார்க்கும் கருவியைப் பற்றி நான் எழுதியதை யாரும் அளவுக்கு மீறி நம்பிவிடக்கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அது படலத்துக்குப் பின்னாலிருப்பதைக் காட்டும். படலத்துக்கு உள்ளே நோய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை நம்பத்தக்கவாறு காட்டாது. குதிரைகளில் மேற்புண் ஆறி மூடிய பின்னரும் படலத்தின் நடு அடுக்கில் சீழ்க்கட்டி உருவாவதுண்டு. பூஞ்சணத்தால் வருபவை உட்பக்கத்தை நோக்கிப் போகும் இயல்புடையவை. கட்டி மேலோட்டமானதா, உட்படலத்தைத் தொட்டுவிட்டதா என்பதைப் பொறுத்தே சொட்டு மருந்தா, படல மாற்று அறுவையா என்ற முடிவு அமைகிறது. அந்த ஆழத்தைப் பார்க்க 20 மெகாஹேர்ட்ஸோ அதற்கு மேலோ வேண்டும். 50 மெகாஹேர்ட்ஸ் கருவி படலத்தை அடுக்கடுக்காகக் காட்டும், ஆனால் சில மில்லிமீற்றர்களுக்கு அப்பால் அதன் அலை போகாது.

ஜெல் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: சினை பார்க்கப் பயன்படும் சாதாரண ஜெல்லைத் திறந்த கண்ணில் படவிடாதீர்கள். இமையை மூடியே பாருங்கள். கிருமி நீக்கிய ஜெல் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். முடித்தவுடன் கிருமி நீக்கிய சேலைனால் கண்ணைக் கழுவிவிடுங்கள்.