தெலுங்கில் எழுதிய கைதுத் தாள்: என்ன செய்யலாம்?

வணக்கம். நாங்கள் ஆந்திராவில் நகரி பக்கம். சித்தப்பா மகனைச் செவ்வாய் ராத்திரி ஒரு திருட்டு வழக்கில் பிடித்துப் போனார்கள். வியாழன் காலையில்தான் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். பயண நேரம் போக 24 மணி நேரம்தானே கணக்கு? பஸ்ஸில் அரை மணி நேர வழி இது!

அதைவிட உறுத்துவது, கைதுக்கான காரணம் என்று கொடுத்த தாள். முழுக்கத் தெலுங்கு. கடையில் தெலுங்கு நன்றாகப் பேசுவான், படிக்க ஓர் எழுத்து தெரியாது. அடியில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே தமிழில் கையெழுத்து போட்டிருக்கிறான், பாவம்.

கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று விஹான் குமார் வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாமீன் மனுவில் இதை வைத்து வாதாடியவர்கள் இங்கே உண்டா? அப்புறம், 15100 என்ற சட்ட உதவி எண்ணில் இலவச வக்கீல் கேட்கும்போது தமிழ் தெரிந்தவராகக் கேட்கலாமா?