வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவு எப்படி வரும்?

கேள்வி:
சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்ற வாரம் நான்காம் மாடிச் சாரத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்று கழன்று தொங்குவதைக் கண்டும், கான்கிரீட் லாரி வாசலில் காத்து நிற்கிறதே என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மேலாளரிடம் எப்படிப் பேசுவது?

மறுமொழி 1:
தம்பி, 2004 ஏப்ரல் 20 அன்று, எம்ஆர்டி ரயிலின் வட்டப் பாதைக்குத் தோண்டிய இடத்தில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நால்வர் மாண்டனர். அளவுக்கருவிகள் முன்பே எச்சரித்தும் வேலை தொடர்ந்தது. தம் ஆட்களைக் குழியிலிருந்து மேலே ஏற்றித் தப்ப அனுப்பிய ஃபோர்மன் ஒருவர் மீளவே இல்லை. அவருடைய துணிவு பெரிது. ஆனால் அதற்குத் தேவையே எழாதபடி, மேலிடத்தில் ஒருவராவது முன்னதாகத் துணிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

மறுமொழி 2:
நான் மேலாளராக இருப்பவன். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சரிசெய்ய அரை மணி நேரம் வேண்டும்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். காரணத்தோடு நேரத்தையும் சொல்பவரை மறுப்பது எங்களுக்குக் கடினம். மனிதவள அமைச்சிடம் புகார் செய்தவரை அதற்காகவே வேலைநீக்கம் செய்வதை, 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடுக்கிறது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. நாளைக் காலை வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டத்திலேயே பேசிவிடுகிறேன்.