ஜூலை மாதத் தரவுக்கு என்ன செய்வது?

வணக்கம். மத்தியப் பிரதேச-உத்தரப் பிரதேச எல்லையில் உள்ள சிங்ரௌலி அனல்மின் நிலையங்களுக்கு மேலே நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு சேர்கிறது என்று பார்த்து வருகிறேன். 2017-இல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளில் உள்ள, காற்று மாசை அளக்கும் ட்ரோபோமி கருவியின் தரவு. ஜனவரி வரைபடத்தில் அங்குள்ள ரிஹந்த் நீர்த்தேக்கத்தைச் சுற்றி அடர்சிவப்பாகத் திரண்டு நிற்கிறது. ஜூலை வந்தால் மேகம்! ஒவ்வொரு அளவீடும் எவ்வளவு நம்பகம் என்று 0 முதல் 1 வரை சொல்லும் தர மதிப்பு 0.75-க்குக் கீழே உள்ளதைக் கழித்தால் படம் ஏறக்குறைய வெள்ளைத்தாள். சரி என்று 0.5 வரை இறக்கினால் புள்ளிகள் வருகின்றன. ஆனால் மேகத்துக்கு அடியில் இருப்பதைக் கருவி நேரடியாகப் பார்க்கவில்லையே, எப்படி நம்புவது? பல வருட ஜூலைகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா? அப்புறம் வானம் வெளுத்த நாட்கள் மட்டும்தானே கணக்கில் வரும்? மழைக்காலத் தரவோடு மல்லுக்கட்டியவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.