ஜவ்வாதுமலை மாலை வகுப்பு: வைஃபை சேர்கிறது, பக்கம் திறக்கவில்லை. உதவி தேவை!

மலைத்தேன்:
வணக்கம். அவசரம். இணையம் இல்லாமலே விக்கிப்பீடியாவையும் பாடங்களையும் வைஃபை வழியே தரும் கிவிக்ஸ் பெட்டி வேலை செய்யவில்லை. வைஃபை பெயர் தெரிகிறது, சேரவும் சேர்கிறது, பக்கம் மட்டும் திறக்க மறுக்கிறது. திருவண்ணாமலையில் வீட்டில் வைத்துப் பார்த்தபோது எல்லாப் போனிலும் அருமையாகத் திறந்தது. மேலே கொண்டுவந்ததும் முரண்டு பிடிக்கிறது. நாளை மாலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். இங்கே இணையம் கிடையாது. இந்தப் பதிவைப் போடவே பாறைமேல் ஏறி நிற்கிறேன். யாராவது உடனே சொல்லுங்கள்.

சாமைக்கஞ்சி:
என்ன பெட்டி? ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியா, பழைய மடிக்கணினியா? மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

கணினிக்கிழார்:
கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு பதிவை இந்தப் பகுதியின் உச்சியில் ஆண்டுக்கணக்கில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதைப் படித்திருந்தால் முதல் நான்கு மறுமொழிகளுக்கு வேலை இருந்திருக்காது. "வேலை செய்யவில்லை" என்பது ஒரு பிழைச்செய்தி ஆகாது, தம்பி. திரையில் என்ன வருகிறது என்பதை எழுத்துக்கு எழுத்து எழுதவும்.

ஈயப்பற்று:
நான் பந்தயம் கட்டுகிறேன், மின்சாரம்தான். ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பவர்பேங்கிலோ சோலார் பேட்டரியிலோ மலிவான வடத்தைச் செருகினால் மின்னழுத்தம் இறங்கிவிடும். திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள், மூலையில் மின்னல் குறி தோன்றும். நான் பார்த்த பத்துப் பெட்டிகளில் எட்டுக்கு இதே நோய்தான்.

பழுப்புத்தாள்:
மெமரி கார்டை எங்கே வாங்கினீர்கள்? 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 16 மட்டும் வைத்து விற்கிறார்கள். எழுதும்போது வாயைத் திறக்காது. படிக்கப் போனால்தான் குட்டு வெளிப்படும்.

மலைத்தேன்:
தம்பி அல்ல, தங்கை. ராஸ்பெர்ரி பை 4. சோலார் பேட்டரி, பெட்டியோடு வந்த வடம்தான். முகவரியை அடித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து, "இந்தத் தளத்தை அணுக இயலவில்லை" என்கிறது. ஒரு வேடிக்கை: வகுப்புக்கென்று வைத்திருக்கும் டேப்லெட்டில் மட்டும் எல்லாம் திறக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா, ஃபெட் என்ற ஊடாடும் அறிவியல் செய்முறைகள், கான் அகாடமியின் பாடக் காணொளிகள், எல்லாமே. பிள்ளைகள் கொண்டுவரும் பெற்றோர் போன்களில்தான் தகராறு.

பழுப்புத்தாள்:
சரி, அப்படியென்றால் கார்டு நல்ல கார்டு. பின்வாங்குகிறேன்.

ஈயப்பற்று:
டேப்லெட் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். மின்னழுத்தம் குறைந்தால் வைஃபையும் தடுமாறலாம். வடத்தை மாற்றுங்கள்.

கம்பியில்லாதவர்:
அக்கா, இரண்டே கேள்வி. அந்த டேப்லெட்டில் சிம் இருக்கிறதா? வீட்டில் சோதித்தபோது பெட்டியை உங்கள் ரவுட்டரோடு வடத்தால் இணைத்திருந்தீர்களா?

மலைத்தேன்:
சிம் இல்லை. ஆமாம், வீட்டில் ரவுட்டரில் செருகித்தான் வைத்திருந்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கம்பியில்லாதவர்:
எல்லாச் சம்பந்தமும் அதில்தான். ஆண்ட்ராய்டு போன் ஒரு வைஃபையில் சேர்ந்ததும் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் இணையம் உண்டு என்று முடிவு செய்யும். வீட்டில் ரவுட்டர் வழியாகப் பதில் வந்தது. மலையில் வராது. உடனே போன், "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று ஓர் அறிவிப்பை மேலே ஒதுக்கிவிட்டு, உலாவியின் போக்குவரத்தை மொபைல் டேட்டா பக்கம் திருப்பிவிடும். 192.168 என்று தொடங்கும் உங்கள் பெட்டியின் முகவரியை அது கைபேசிக் கோபுரத்திடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது. கோபுரத்துக்கு என்ன தெரியும்? டேப்லெட்டுக்கு வேறு வழி இல்லாததால் பெட்டியிடமே கேட்கிறது, திறக்கிறது.

சிக்னல் அறவே இல்லாத இடமாக இருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. உங்கள் ஊரில் ஒரு கோடு வந்து வந்து போகிறதே, அதுதான் கெடுக்கிறது.

செய்ய வேண்டியது: மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் சேரச் சொல்லுங்கள். "இணையம் இல்லாவிட்டாலும் தொடரவா?" என்று கேட்டால் ஆம் கொடுத்து, மீண்டும் கேட்க வேண்டாம் என்பதையும் குறித்துவிடுங்கள். முகவரியின் முன்னால் எச்டிடிபி என்பதையும் சேர்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சில உலாவிகள் அதைத் தேடல் என்று எடுத்துக்கொள்ளும்.

கணினிக்கிழார்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். விவரம் கொடுத்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன்.

சாமைக்கஞ்சி:
பிள்ளைகள் ஒரேயடியாகச் சேர்ந்தால் ராஸ்பெர்ரி பையின் சொந்த வைஃபை திணறும். பழைய ரவுட்டர் ஒன்றை வடத்தால் இணைத்து அதன் வைஃபையைப் பயன்படுத்துங்கள். இன்னொரு வழி, பெட்டியே இல்லாமல் கிவிக்ஸ் செயலியையும் பாடங்கள் அடங்கிய கோப்பையும் மெமரி கார்டில் போட்டுக் கொடுத்துவிடுவது. கார்டு எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு வடிவமைப்பில் இருக்கட்டும். ஃபேட்32 என்ற பழைய வடிவமைப்பில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது. எங்கள் ஊர் நகலகத்தில் ஒரு கார்டுக்கு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றித் தருகிறார்கள்.

உரிமத்துறை:
அது உரிம மீறல். கான் அகாடமி காணொளிகள் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற உரிமத்தில் வருபவை. 50 ரூபாய் வணிகம் இல்லாமல் வேறென்ன?

சாமைக்கஞ்சி:
கார்டை ஏற்றும் கூலி அது. பாடத்தின் விலை இல்லை.

உரிமத்துறை:
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நடுவாசல்:
அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. கணிதப் பாடநூல் வெளியிட்ட கிரேட் மைண்ட்ஸ், ஃபெட்எக்ஸ் நகலகத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வணிகமற்ற உரிமமுள்ள பாடத்தைப் பள்ளி கேட்டு, கடை காசு வாங்கிப் படியெடுத்தது மீறல் ஆகாது என்று 2018-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு வந்தது. கடை தானாகவே கார்டுகளை நிரப்பி விற்றால் கதை வேறு. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும் வாதம் பொருந்தும். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை: பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் கொடுத்தால் காசுக்கும் விற்கலாம்.

பழுப்புத்தாள்:
அப்படியே அரசுப் பாடநூல் பிடிஎஃப்பையும் சொல்லுங்கள். இலவசமாக இறக்கலாம் என்பதற்காகத் திறந்த உரிமம் ஆகிவிடுமா?

உரிமத்துறை:
ஆகாது. தனி இழை தொடங்குங்கள், விரிவாக எழுதுகிறேன்.

கணினிக்கிழார்:
இழை தலைப்பை விட்டு வெகுதூரம் போய்விட்டது.

ஈயப்பற்று:
வடத்தை மாற்றினாரா என்று இன்னும் தெரியவில்லை.

மலைத்தேன்:
டேட்டாவை அணைத்ததும் திறந்துவிட்டது. வடத்தை மாற்றவில்லை. ஒரு போனில் மட்டும் இன்னும் வரவில்லை, மற்றவை சரி. எல்லோருக்கும் நன்றி. பேட்டரி தீர்கிறது.

கம்பியில்லாதவர்:
மகிழ்ச்சி அக்கா. அந்த ஒரு போன் என்ன மாடல்? சிலவற்றில் "தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறு" என்ற அமைப்பு தனியாக ஒளிந்திருக்கும். அல்லது போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் செயலி ஏதாவது போட்டிருக்கிறார்களா?

சாமைக்கஞ்சி:
இரண்டு வாரமாகப் பதில் இல்லை. பாறையிலிருந்து இறங்கிவிட்டார் போலிருக்கிறது.