வியூக விளையாட்டு: தனியாக ஆடியதும் ஆட்களோடு ஆடியதும். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

வியூக விளையாட்டுகளை வருஷக்கணக்கில் தனியாகவே ஆடியவன் நான். கம்ப்யூட்டரை எதிரியாக வைத்து ஆடுவதைப் பலரும் பயிற்சி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே பழகிவிட்டு இணையத்தில் ஆட்களோடு மோத வேண்டும், அதுதான் நிஜமான ஆட்டம் என்கிறார்கள். இரண்டையும் ஆடிப் பார்த்த பிறகு எனக்கு அது ஒப்பவில்லை. மேப் ஒன்றுதான், படை ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். ஆனாலும் இரண்டும் வெவ்வேறு ஆட்டங்கள். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை எனக்கு நேர்ந்ததை வைத்தே சொல்கிறேன்.

நான் அதிகம் ஆடுவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஊரைக் கட்டி, படை திரட்டி மோதுகிற, 1999-ல் வந்த ஆட்டம். 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்ததும் மறுபடியும் கூட்டம் சேர்ந்துவிட்டது. பழைய பதிப்பில் கடின நிலையை 'ஹார்டஸ்ட்' என்று வைத்தால் கம்ப்யூட்டருக்கு உணவும் மரமும் தங்கமும் சும்மாவே கிடைக்கும். புதியதில் அந்தச் சலுகை இல்லை. 'எக்ஸ்ட்ரீம்' வைத்தாலும் அதுவும் நம்மைப் போல வெட்டிச் சுமந்துதான் சேர்க்கிறது. அதோடு ஆடினால் கைக்கு வேகம் வரும், சந்தேகமே இல்லை. ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டரைச் சும்மா நிற்க விடாமல் 25 நொடிக்கு ஒரு வில்லேஜரை, அதாவது வேலையாளை, எடுப்பது, காட்டுப்பன்றியை அம்பு விட்டுச் சீண்டி வாசல்வரை ஓட்டி வந்து சாய்ப்பது, 500 உணவு சேர்ந்த கையோடு அடுத்த கட்டமான ஃபியூடல் யுகத்துக்குப் போவது, எல்லாம் அதனிடம்தான் எனக்குப் படிந்தது.

ஆனால் அதன் போக்கு சீக்கிரமே பிடிபட்டுவிடும். என் கல்லெறி வண்டியான மாங்கனல் கல்லை எறிந்த மறுகணம் அதன் வில்லாளிகள் மொத்தமாகச் சிதறி விலகுவார்கள். அவ்வளவு சுத்தமாக விலக மனிதக் கையால் ஆகாது. அதே வில்லாளிகள் என் மதிலின் ஒரே மூலைக்குத் திரும்பத் திரும்ப வந்து மடிவார்கள். அந்த மூலையில் ஒரு கேசிலைக் கட்டிவிட்டால் போதும், ஆட்டம் என் கையில்.

ஆட்களோடு ஆட ஆரம்பித்த புதிதில் ஒருவர் எதிரே வந்தார். வேவு பார்க்கும் அவருடைய ஸ்கவுட் குதிரை என் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது. ஃபியூடல் யுகம் வந்ததுமே அவருடைய வில்லேஜர்கள் மரக்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்து, அந்தச் சுரங்கம் அம்புக்கு எட்டும் தூரத்தில் ஒரு டவரை எழுப்பிவிட்டார்கள். இன்னொரு தங்கம் ஊருக்கு வெளியே தள்ளி இருந்தது. ஆட்களை அங்கே அனுப்பினேன். போகிற வழியில் ஈட்டிக்காரர்கள் தயாராக நின்றார்கள். முதல் இடத்தை அடைத்தால் நான் எங்கே ஓடுவேன் என்பதை எனக்கு முன்னாலேயே அவர் யோசித்து வைத்திருக்கிறார்! கம்ப்யூட்டர் என்னை எத்தனையோ முறை அடித்திருக்கிறது, ஆனால் ஒரு தடவைகூட என்னைப் பற்றி அது யோசித்ததாக எனக்குத் தோன்றியதில்லை. வித்தியாசம் வேகத்திலோ திறமையிலோ இல்லை, இங்கேதான் என்று அன்றைக்குப் புரிந்தது. குதிரை நின்ற இடத்தைப் பார்த்து மனசைப் படிக்கிற ஆட்டம் இது. தனி ஆட்டத்தில் அதைக் கற்கவே முடியாது. கற்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கு இரண்டு ஆட்டம். கூட்டாளியாக வந்தவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை. அவர் டைப் செய்த எழுத்தே எனக்குப் படிக்கத் தெரியாதது. ஃபியூடலுக்கு அடுத்த கேசில் யுகத்தில் எதிரணி இருவரும் சேர்ந்து என்மேல் இறங்கினார்கள். டவுன் சென்டர் போயிற்று, ஒரு சில வில்லேஜர்கள்தான் மிச்சம். அப்போது திரை மூலையில் இருக்கும் மினிமேப்பில் டிங் என்று ஒரு ஃபிளேர், 'இங்கே பார்' என்று கூட்டாளி காட்டும் குறி. அவருடைய ஊருக்குள்ளே, மரம் வெட்டும் இடத்துக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைக் காட்டுகிறார். வில்லேஜர்களை அவருடைய கதவு வழியாக உள்ளே ஓட்டினேன். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் 300 மரமும் 100 கல்லும் எனக்கு வந்துவிட்டன. ஒரு டவுன் சென்டர் கட்ட 275 மரமும் 100 கல்லும் வேண்டும். நூறு நூறாகத்தான் அனுப்ப முடியும், அனுப்புகிறவருக்கு அதற்கு மேல் வரிப் பிடித்தமும் உண்டு. அவர் ஊரும் அடி வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஃபிளேர் பண்ணை போடும் இடத்தில். அதற்கடுத்தது எதிரியின் குதிரைகள் வரும் பாதையில். அவர் நைட் குதிரைவீரர்களோடு முன்னே போக, நான் ஈட்டிக்காரர்களாகவே எடுத்து வழியை அடைத்தேன். ஜெயித்தோம். பெயர் தெரியாத ஒரு மனிதர் எனக்காகத் தன் ஊருக்குள் இடம் ஒதுக்கிக் கொடுத்த அந்த நேரத்தை, தனியாக ஆடுகிற எந்தக் கதைத் தொடரும் (கேம்பெய்ன்) எனக்குத் தந்ததில்லை.

அதற்காகத் தனி ஆட்டத்தை நான் விட்டுவிடவில்லை, விடப் போவதும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

* * *

அண்ணா, நான் தனியா ஆடுற கட்சி. அதைப் பயிற்சின்னு சொல்றவங்க மேல எனக்கு ரொம்ப நாளா வருத்தம் இருக்கு, நீங்க பேச்சை எடுத்தது நல்லதாப் போச்சு.

என் ஆட்டம் சிவிலைசேஷன் 6, முறை வச்சு (டர்ன்) ஆடுற ஆட்டம். நான் தேடுறது எதிரியை இல்ல, யோசிக்கிறதுக்கு நேரத்தைத்தான். ஒரே டர்னை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உட்காருவேன். குழந்தை எழுந்துட்டா அப்படியே விட்டுட்டுப் போவேன். வந்து பார்த்தா என் வில்லாளி அதே மலைக் கணவாயில அதே மாதிரி நிப்பான், யாரும் என்னைத் திட்டியிருக்க மாட்டாங்க. ரொம்பக் கஷ்டமான 'டீட்டி' லெவல்ல கம்ப்யூட்டர், ஊரு அமைக்கிற செட்லர் மூணு பேரோட ஆரம்பிக்கும், நமக்கு ஒண்ணுதான். அது நம்மளவிட நல்லா யோசிக்கிறதில்ல, கூடுதலா வாங்கிட்டு வருது, அவ்வளவுதான். அந்த ஏற்றத்தாழ்வு எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு தடவை பக்கத்து நாட்டுக்காரன் வாள்வீரங்களைத் திரட்டிக்கிட்டு வந்தான். என்கிட்ட இருந்தது ரெண்டு வில்லாளி, ஒரு மதில். அந்தக் கணவாய்ல ஒரு நேரத்துக்கு ஒரு படைதான் நுழைய முடியும். ஒவ்வொரு டர்னும் முன்னால வர்றவனை மட்டும் அடிச்சு, பின்வாங்கி, மறுபடி அடிச்சு, கடைசியில அவனே சமாதானம் கேட்டு வந்தான். அந்த இடத்தோட ஒவ்வொரு கட்டமும் எனக்கு மனப்பாடம். இதை ஒருத்தரைக் காக்க வச்சு ஆட முடியுமா?

2018-ல வந்த இன்டு த பிரீச் ஆடிப் பாருங்க. 8-க்கு 8 கட்டம்தான். எதிரி அடுத்து எங்க அடிக்கப் போறான்னு முன்கூட்டியே காட்டிடும். மறைக்கிறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல, ஆனாலும் மூளை கசங்கிப் போகும். இதுல போய் எதிரே ஒரு ஆளை உட்கார வச்சா என்ன கிடைக்கும்? தனி ஆளுக்குன்னே பிறந்த ஆட்டம் அது.

ஆட்களோடயும் ஆடியிருக்கேன், இல்லைன்னு சொல்லல. காலேஜ் தோழிங்க சேர்ந்து ப்ளே பை கிளவுட்ல ஒரு ஆட்டம் போட்டோம். அவங்கவங்களுக்கு நேரம் கிடைக்கும்போது அவங்கவங்க டர்னை முடிச்சுட்டுப் போகலாம். வாரக்கணக்கா ஓடுச்சு. அதுல ஒருத்தி என் எல்லைப் பக்கம் வரமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டு, நான் வேற பக்கம் போர்ல இருந்தப்ப என் ஊரு ஒண்ணைப் பிடிச்சுட்டா. கூடவே "மன்னிச்சுக்கோடி, அந்த இரும்பு எனக்கு வேணும்"னு ஒரு மெசேஜ். கம்ப்யூட்டர் ராஜாக்கள் எத்தனையோ தடவை சொன்ன சொல் தவறியிருக்காங்க, எனக்கு ஒண்ணுமே தோணாது. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் என்னால வேற எதையும் நினைக்க முடியல. அதையும் ரசிச்சேன்தான். ஆனா தினமும் அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு வேண்டாம்.

* * *

நான் ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடுகிறவன். மேலே ஸ்கவுட் குதிரை நின்ற கதையைப் படித்ததும் 2019 ஜனவரி நினைவுக்கு வந்தது. டீப்மைண்ட் நிறுவனம் இந்த ஆட்டத்துக்காக உருவாக்கிய ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு, டிஎல்ஓ, மானா என்ற இரண்டு தொழில்முறை வீரர்களையும் ஆளுக்கு ஐந்து ஆட்டமாக, பத்துக்குப் பத்தும் ஜெயித்திருந்தது. பிறகு நேரலையில் மானாவோடு இன்னோர் ஆட்டம். இந்த முறை ஆல்ஃபாஸ்டாரும் மனிதர்களைப் போலத் திரையை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். மானா இம்மார்ட்டல் என்ற இரண்டு போர் இயந்திரங்களை வார்ப் பிரிஸம் என்ற பறக்கும் ஊர்தியில் ஏற்றி அதன் ஊருக்குப் பின்னால் இறக்கினார். தாக்கக் கிளம்பிய ஆல்ஃபாஸ்டாரின் படை முழுக்கத் திரும்பி ஓடியது. அவர் ஏற்றிக்கொண்டு விலகினார், படை மறுபடி கிளம்பியது. மறுபடி இறக்கினார், மறுபடி அத்தனையும் திரும்பின. அந்த இழுபறியில் கிடைத்த நேரத்தில் தன் படையைப் பெருக்கிக்கொண்டு அந்த ஆட்டத்தை அவர் ஜெயித்தார். அதே வருஷம் ஆல்ஃபாஸ்டார் கிராண்ட்மாஸ்டர் நிலைக்கு வந்துவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எதிரே இருப்பது ஒரே விஷயத்தைத் திரும்பச் செய்கிறது என்று கண்டுகொண்டு அதைப் பிடித்துத் தொங்குவது இருக்கிறதே, அதுதான் நான் லேடரில், அதாவது புள்ளிக்காக ஆடும் தரவரிசை ஆட்டத்தில், தேடுவது. அந்த ஆட்டத்தை எப்போது பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும்.

ரேங்க் ஆடப் பயப்படுகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். புள்ளி குறைவதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் எல்லோரும் 1000-ல் தொடங்குகிறார்கள். செஸ்ஸுக்காக ஆர்பட் ஈலோ வகுத்த அதே கணக்குதான். இருவர் புள்ளியும் சமம் என்றால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு, 200 புள்ளி கூடுதலாக இருப்பவருக்கு நாலில் மூன்று பங்கு. தொடக்கத்தில் தோற்கத் தோற்க எண் இறங்கும், இறங்கிய இடத்தில் உங்களுக்குச் சமமான ஆள் கிடைப்பார். அந்த இடம் வரும்வரை ஆடாமலே ஒதுங்கிவிடுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆதங்கம். வசை பாடுகிறவர்களைத் தயங்காமல் மியூட் செய்யுங்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை.

* * *

இன்டர்நெட்ல ஆடும்போது ஒருத்தர் கம்ப்யூட்டர் மெதுவா இருந்தா எல்லாருக்குமே ஆட்டம் இழுக்குதேன்னு கோபப்படுறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்த மாதிரி ஆட்டங்கள்ல நூத்துக்கணக்கான வீரங்க எங்கெங்க நிக்கிறாங்கன்னு லைன்ல அனுப்புறதில்ல. "இவங்களை இங்க போகச் சொன்னேன்"ங்கிற கட்டளை மட்டும்தான் போகும். ஒவ்வொருத்தர் மெஷினும் முழுப் போரையும் தானே கணக்குப் போட்டுக்கும். 1997-ல முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 28.8 மோடத்துல எட்டுப் பேரைச் சேர்த்தது இந்த வழியிலதான். அதனால ஒரு மெஷின் பின்தங்கினா மத்ததெல்லாம் அதுக்காக நின்னுதான் ஆகணும். அந்த ஆள் வேணும்னு செய்யல. பழைய மெஷின் வச்சிருக்கிற ஒருத்தர், ஆட்டத்துக்கு முன்னால எல்லாரும் கூடுற லாபிக்கு வந்தாலே வெளியே தள்ளிடுறாங்க, அது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. கிராஃபிக்ஸைக் குறைச்சு வைங்க, மேப்பைச் சின்னதா எடுங்கன்னு சொல்லிப் பாருங்க. பெரும்பாலும் சரியாயிடும்.

* * *

நானும் என் தம்பியும் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். ஒரே அணியில் சேர்ந்து கம்ப்யூட்டரோடு மோதுவோம். அவனுக்கு எனக்கு இருக்கும் வேகம் கிடையாது, லேடரில் போட்டால் மனசு உடைந்துவிடும். இங்கே அவன் ஊரைப் பார்த்துக்கொள்வான், நான் படையைப் பார்ப்பேன். "அக்கா, வடக்குப் பக்கம் மதில் இடிக்கிற ராம் வண்டி வருது, ரெண்டு குதிரை அனுப்பு" என்று மைக்கில் சொல்வான், அனுப்புவேன். பேச்சு ஆட்டத்திலேயே நிற்காது. வேலையில் நடந்தது, அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருப்பது, எல்லாம் பன்றியை விரட்டிக்கொண்டே வந்துவிடும். நேருக்கு நேர் உட்கார்ந்தால் அவன் வாயைத் திறக்க மாட்டான். எதிரே நிஜ ஆட்கள் இருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது, முழுக் கவனத்தையும் அவர்களே பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கு இணையம் வேண்டும், எதிரியாக மனிதர் வேண்டாம். இப்படி ஆடுகிறவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

* * *

திரியைத் தொடங்கியவன் நான்தான். கடைசியாக எழுதிய சகோதரிக்கு: இருக்கிறோம். டெஃபினிட்டிவ் எடிஷனில் இருவர் சேர்ந்து ஆடும் கோ-ஆப் கேம்பெய்னே இருக்கிறது, தம்பியோடு முயன்று பாருங்கள்.  சிவிலைசேஷன் சகோதரி சொன்ன சாயங்காலத்தைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வேலைக் களைப்போடு வருகிற நாளில் எதிரே ஒரு மனசு இருப்பது பாரமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் தனி ஆட்டம்தான் போடுவேன், மதில் கட்டிக்கொண்டே இருப்பேன். இரண்டுக்குமான நேரத்தை நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று இனி வருகிறவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். குறிப்பாக, லேடரை விட்டுவிட்டு மறுபடியும் தனி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள்.