கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்கு பிராக்சியா, ஃபயர்வாலா, இரண்டுமா?

கேள்வி: கணக்குப்பிள்ளை, கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரிக்கு அருகே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கணினி தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டதால், நெட்வொர்க்கும் என் பொறுப்பாகிவிட்டது. அலுவலகத்தில் 22 கணினிகள், பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் ஒரு கணினி, 16 கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு டி.வி.ஆர். ஆகியவை இருக்கின்றன. இவை போதாதென்று எல்லோருடைய கைபேசிகளும் அதே வைஃபையில்தான் ஓடுகின்றன. 50 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு ஒன்று உண்டு. அதைக் கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டியைத் தவிர எங்களுக்கும் வெளியுலகத்துக்கும் இடையே வேறு எதுவும் இல்லை.

சென்ற மாதம், குன்னூர்த் தேயிலை ஏலம் இணையத்தில் நடக்கும் ஒரு வியாழக்கிழமையன்று, எங்கள் லாட்டுகளுக்கு விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. அதே மாலை, சரக்கு ஏற்றிய லாரி கேட்டில் நிற்க, இ-வே பில் போக மறுத்ததால் டிரைவர் இரவு ஏழு மணி வரை காத்திருந்து, பனிமூட்டத்தில் மலை இறங்கினார். மறுநாள் மேலாளர், “ஒரு பிராக்சி போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த விற்பனையாளர் ஒருவர், பிராக்சியும் ஃபயர்வாலும் ஒன்றாக இருக்கும் ஒரு பெட்டிக்கு விலை கொடுத்திருக்கிறார். அதன் மூன்றாண்டு உரிமக் கட்டணம் பெட்டியின் விலையைத் தாண்டுகிறது. நண்பர் ஒருவரோ, மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் ஸ்க்விட் என்ற பிராக்சி மென்பொருளைப் போட்டால் போதும் என்கிறார். எனக்கு இரண்டும் தேவையா, பழைய கணினி தாங்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும். உரிமையாளர் கோயம்புத்தூரில் இருந்தபடியே கேமராவைப் பார்ப்பதற்காக, இணைப்புக் கொடுத்தவர்களின் பெட்டியில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் ஒரு வாசலை, திறந்து வைத்திருக்கிறோம். புதிய ஏற்பாட்டிலும் அது தொடர வேண்டும்.

பதில் 1: வயரிங்காரர், குன்னூர்

ஐயா, கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் போர்ட்டை இன்றைக்கே மூடுங்கள். இணையத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் டி.வி.ஆர்.கள் எப்படிப் பிடிபடும் என்பதை 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகத்துக்கே காட்டியது. கேமராக்களிலும் டி.வி.ஆர்.களிலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அது பரவியது. உங்கள் டி.வி.ஆர். கணக்குக் கணினிகள் இருக்கும் அதே நெட்வொர்க்கில் இருப்பதால், அதற்குள் நுழைந்தவனுக்குச் சம்பளப் பட்டியல் அடுத்த அறைதான். உரிமையாளருக்கு வயர்கார்டு என்ற மென்பொருள் வழியாக ஒரு வி.பி.என்., அதாவது அவர் மட்டும் நுழையக்கூடிய பூட்டிய தனிவழி, கொடுத்துவிடுங்கள். கேமரா இப்போது வெளியிலிருந்து தெரிகிறது என்பதால் உங்களுக்குப் பொது ஐ.பி., அதாவது இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி, இருக்கிறது என்று பொருள். ஆகவே அதில் சிக்கல் வராது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபயர்வால் என்பது கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. எந்த வண்டி எங்கிருந்து வருகிறது, எந்த வாசலுக்குப் போகிறது என்று பார்த்து விடுவார் அல்லது நிறுத்துவார். பிராக்சி என்பது, நீங்கள் யாரும் வெளியே போகாமல், உங்கள் சார்பில் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வரும் ஆள். ஒருவர் கேட்டதையே இன்னொருவரும் கேட்டால், கையில் மீதமிருப்பதைக் கொடுத்துவிடுவார். இந்த மீதம் வைக்கும் வேலைக்காகத்தான் அந்தக் காலத்தில் எல்லோரும் ஸ்க்விடை நாடினார்கள். 1996-இல் அது வெளிவந்தபோது இணைப்பு மெதுவாகவும் விலை அதிகமாகவும் இருந்தது, பக்கங்களும் மூடாத உறையில் வந்தன. இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்க முறையில் வருவதால் உறை ஒட்டியே வருகிறது. உள்ளே இருப்பது தெரியாத பிராக்சியால் எதையும் சேமித்து வைத்துக் கொடுக்க முடியாது. ஆகவே வேகத்துக்காக பிராக்சி என்று மேலாளர் நினைத்தால், அது இப்போது நடக்காத காரியம்.

உறையைப் பிரித்துப் பார்க்கும் வழியும் இருக்கிறது. உங்கள் சொந்தச் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் ஏற்றி, பிராக்சி நடுவில் நின்று திறந்து மூட வேண்டும். 22 கணினிகளில் அதைச் செய்துவிடலாம் என்றாலும், வங்கித் தளங்கள் முரண்டு பிடிக்கும், கைபேசிச் செயலிகள் பல அடியோடு நின்றுபோகும். ஒரு கணக்கு அலுவலகத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் ஏலத் திரை நின்றதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். யாரோ ஒருவரின் கணினி விண்டோஸ் அப்டேட் இறக்கும்போதோ, டி.வி.ஆர். படத்தை வெளியே தள்ளும்போதோ, மோடத்துக்குள் வரிசை நீண்டுவிடுகிறது. ஏலப் பக்கத்தின் சின்னஞ்சிறு பாக்கெட்டுகள் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கின்றன. இதற்கு மருந்து எஃப்.க்யூ.-கோடெல் என்ற வரிசை முறைதான். ஓ.பி.என்.சென்ஸ், பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள்கள் இரண்டிலும் அது உண்டு, உரிமக் கட்டணமும் கிடையாது. இணைப்பின் உண்மையான வேகத்தை அளந்து, அதில் சுமார் 90 சதவீதத்தை வரம்பாக வைத்தால், வரிசை மோடத்தில் சேராமல் உங்கள் ஃபயர்வாலிலேயே சேர்ந்து நியாயமாகப் பிரிக்கப்படும். பதிவிறக்கத்துக்கும் பதிவேற்றத்துக்கும் தனித்தனியே இதைச் செய்ய வேண்டும். பதிவேற்றத்தை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

கோயம்புத்தூர்ப் பெட்டி மோசம் என்று சொல்ல வரவில்லை. விலைப்பட்டியலில் பெரிதாகப் போட்டிருக்கும் ஃபயர்வால் வேகத்தைப் பார்க்காமல், எல்லாச் சோதனைகளையும் இயக்கிய நிலையில் என்ன வேகம் என்ற சிறிய எண்ணைப் பாருங்கள். உரிமம் முடிந்த மறுநாள் என்னென்ன நின்றுபோகும், பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டியோடு மலை ஏறி வருவது யார், எத்தனை நாளில் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் 2: விடுதிப் பள்ளி ஊழியர், ஊட்டி

மேலே எழுதிய ஐயாவோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பிராக்சியை ஒரேயடியாகக் கழித்துக் கட்டிவிட வேண்டாம். விடுதி மாணவர்கள் எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போகலாம் என்பதைப் பிரிவு பிரிவாக வகுக்கவும், யார் எங்கே போனார்கள் என்பதைப் பதிவு செய்யவும் எங்களுக்கு ஸ்க்விட் இன்றும் உதவுகிறது. உறையைப் பிரிக்காமல், இணைப்பின் தொடக்கத்தில் தெரியும் தளத்தின் பெயரை மட்டும் படித்து அனுமதிக்கும்படி வைத்திருக்கிறோம். ஓ.பி.என்.சென்ஸில் அது தனிச் செருகுநிரலாகக் கிடைக்கிறது. பிஎஃப்சென்ஸை வெளியிடும் நெட்கேட் நிறுவனம், சரிசெய்யப்படாத பாதுகாப்புக் குறைகளைக் காரணம் காட்டி, ஸ்க்விட் தொகுப்பைக் கைவிடுவதாக 2023-இல் அறிவித்துவிட்டதால், பிராக்சியும் வேண்டுமென்பவர் பிஎஃப்சென்ஸைத் தேர்வு செய்வதில் பொருளில்லை.

கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்கு ஒரு செய்தி. ஜி.எஸ்.டி. தளத்தில் டிஜிட்டல் கையொப்பம் இடும்போது, உலாவி அதே கணினியில் ஓடும் எம்சைனர் மென்பொருளோடு 127.0.0.1 என்ற முகவரியில், 1585 போர்ட்டில் பேசுகிறது. பிராக்சி அமைப்பில் இந்த முகவரிக்கு விலக்கு கொடுக்கத் தவறினால் கையொப்பம் ஏறாது. எங்கள் கணக்கர் கடைசித் தேதியன்று கையொப்பம் உள்ள யு.எஸ்.பி. டோக்கனைக் குத்திக் குத்திப் பிடுங்கியதும், கடைசியில் அது என் தவறு என்று தெரிந்ததும் இன்னும் மறக்கவில்லை. இன்னொன்று, யு.டி.பி. 443 என்ற போர்ட்டை ஃபயர்வாலில் மூடாவிட்டால், குரோம் போன்ற உலாவிகள் குயிக் நெறிமுறையில் பிராக்சியைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

பதிவுகளைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பிராக்சி இல்லாவிட்டாலும் ஃபயர்வாலின் பதிவுகளை வேறொரு கணினிக்கு அனுப்பிச் சேமிக்க இடம் ஒதுக்குங்கள்.

கணக்குப்பிள்ளை, கோத்தகிரி

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி அளந்து பார்த்தேன். மாலை நான்கு மணிக்குப் பதிவேற்றத்தில் கிடைப்பது 6 எம்.பி.பி.எஸ்., அதில் ஏறத்தாழ 4-ஐ டி.வி.ஆர். ஒன்றே தின்றுகொண்டிருக்கிறது. உரிமையாளர் 16 கேமராவையும் ஒரே திரையில் திறந்து வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கிறாராம்.

எங்களுக்கு மாணவர்கள் இல்லை, வீடியோ தளங்களை அலுவலக நேரத்தில் தடுத்தால் போதும். அதற்கு டி.என்.எஸ். வடிகட்டி, அதாவது தளத்தின் பெயரைத் தேடும் இடத்திலேயே தடுப்பது, மட்டும் போதுமா? பழைய டெஸ்க்டாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? பின்புறம் திறந்தால் தேயிலைத் தூசு பஞ்சுபோல் அடைத்திருக்கிறது. இரண்டாவது இணைப்பு ஒன்றும் வாங்கலாம் என்று மேலாளர் சம்மதித்திருக்கிறார்.

பதில் 3: மின்னல் பார்த்தவன், கோத்தகிரி

டி.என்.எஸ். வடிகட்டி உங்களுக்குப் போதும். கைபேசிகளைத் தனி விலானில், அதாவது அதே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில், போட்டு, வெளி டி.என்.எஸ்.-க்குப் போகும் வழியை ஃபயர்வாலில் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் உலாவி தன் சொந்த வழியில் பெயர் கேட்டுக்கொள்ளும். டி.வி.ஆர்.-க்கும் ஒரு விலான் வேண்டும். இதற்கெல்லாம் இப்படிப் பிரிக்கத் தெரிந்த மேனேஜ்டு ஸ்விட்ச் வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் மறக்காமல் சேருங்கள்.

பழைய டெஸ்க்டாப்பை விட்டுவிடுங்கள். ஐம்பது எம்.பி.பி.எஸ்.-க்கு அதன் திறன் தாராளம் என்றாலும், இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. எந்திரங்கள் ஓடும் கட்டடத்தில் மின்விசிறி உள்ள எதுவும் ஒரு பருவத்துக்குமேல் நிம்மதியாக ஓடாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தொழிற்சாலையில், விசிறி நின்றுபோன கணினி காலை பத்து மணிக்குத் தானாக அணைவதும், குளிர்ந்த பிறகு தானாகச் சரியாவதுமாக ஒரு வாரம் என்னை அலைக்கழித்தது. விசிறியே இல்லாத, இன்டெல் நெட்வொர்க் போர்ட் நான்கு உள்ள சிறு கணினிகள் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி, அலுவலக அறையில் சுவரில் மாட்டுங்கள். கேபிள் முனைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஆர்.ஜே.45 ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வேகம் திடீரென்று நூறிலிருந்து பத்துக்கு இறங்கினால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எடை போடும் இடம் அலுவலகத்திலிருந்து எவ்வளவு தூரம்? செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் வரம்பு என்பது ஒருபுறம் இருக்க, திறந்தவெளியில் கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுத்தால், ஏப்ரல், மே இடிமழையில் ஒரு முனையில் புகுந்த மின்னல் மறுமுனையில் உங்கள் ஃபயர்வாலின் போர்ட்டைச் சுட்டுவிடும். வெளிப்புறத்துக்கான ஃபைபரும், இரு முனைகளிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரும் போட்டுவிடுங்கள். இரண்டுமுறை ஸ்விட்ச் மாற்றும் காசு மிச்சமாகும். ஃபயர்வால், மோடம், ஸ்விட்ச் மூன்றும் ஒரே யூ.பி.எஸ்.-இல் இருக்கட்டும். அதன் எர்த் உண்மையிலேயே எர்த்தா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது இணைப்பைப் பற்றித்தான் மேலாளரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு நிறுவனத்திடம் வாங்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கோத்தகிரியில் பல இடங்களில் இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் ஒரே கம்பத்தில், ஒரே மேட்டுப்பாளையம் சாலையோரமாகத்தான் ஏறி வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஒரு மண்சரிவு விழுந்தால் இரண்டும் ஒன்றாகவே அறுந்துபோகும். மண் சரியாத நாளில் சாலை அகலப்படுத்தும் பொக்லைன் அந்த வேலையைச் செய்துவிடும். கேபிள் எந்த வழியாக வருகிறது என்று லைன்மேனிடம் கேட்டு, முடிந்தால் அவரோடு நடந்தே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேறு வழி கிடைக்காவிட்டால் 4ஜி ரவுட்டர் ஒன்றை இரண்டாவது இணைப்பாக வையுங்கள். ஆனால் 4ஜி-யில் பொதுவாகப் பொது ஐ.பி. கிடைக்காது என்பதால், ஃபைபர் அறுந்த நாட்களில் உரிமையாளரின் வி.பி.என். வேலை செய்யாது. அதை இப்போதே அவரிடம் சொல்லிவைப்பது உங்களுக்கு நல்லது. அந்த நாட்களில் ஏலப் பக்கம், ஜி.எஸ்.டி., வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றை மட்டும் 4ஜி வழியே விடும்படி விதி எழுதுங்கள், இல்லையென்றால் அன்றைய நாளுக்கான டேட்டா அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அமைப்புக் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து, பெட்டிக்கு அருகில் வைக்காமல், மேலாளர் அறைப் பீரோவில் வையுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில்தான் அது தேவைப்படும்.

கணக்குப்பிள்ளை, கோத்தகிரி

நேற்று மாலையே போர்ட்டை மூடினேன். இன்று காலை ஏழரை மணிக்கு, “கேமரா வரவில்லையே” என்று உரிமையாளரிடமிருந்து போன் வந்தது. மிராய் கதையைச் சொன்னேன். பெட்டி என்ன விலை என்று கேட்டார். விசிறி இல்லாத கணினி, மேனேஜ்டு ஸ்விட்ச், யூ.பி.எஸ். மூன்றுக்கும் விலை வாங்கி அனுப்பியிருக்கிறேன், ஒப்புதல் வந்ததும் ஓ.பி.என்.சென்ஸ் ஏற்றுகிறேன். எடை போடும் இடத்துக்கு அளந்ததில் 85 மீட்டர், செம்புக் கேபிள்தான், தேயிலைத் தோட்டத்தின் மேலாகத் தொங்குகிறது. அதற்கும் ஃபைபர் கேட்டிருக்கிறேன். லைன்மேன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.