லிங்க் போட்டா படமே வரல, தைப்பூசத்துக்கு முன்னாடி சரி பண்ணணும், உதவி தேவை

தண்ணீர்மலை_வாசி | செவ்வாய், இரவு 10.42
வணக்கம். நான் எழுதற பதிவோட லிங்கை வாட்ஸ்அப் குரூப்ல போட்டா வெறும் முகவரி மட்டும்தான் நீலக் கலர்ல நிக்குது. படமும் இல்ல, தலைப்பும் இல்ல. ஃபேஸ்புக்ல போட்டா ஒரு சாம்பல் கட்டம், அதுக்குக் கீழ வெப்சைட் பேரு, அவ்வளவுதான். மத்தவங்க லிங்க்ல எல்லாம் அழகா படத்தோட வருது. பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் பத்தி தொடரா எழுதறேன், போஸ்டரெல்லாம் ரெடி. ஹேன்போன் மாத்தணுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க லா.

பட்டர்வொர்த்_அக்கா | செவ்வாய், இரவு 10.58
போன் மாத்த வேணாம் தம்பி, காசு மிச்சம். எதுல எழுதறீங்க? பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா? சொந்த டொமைனா, இலவச முகவரியா? தீம் வெளியில இருந்து இறக்குனதா? எந்த முகவரியை எங்க இருந்து காப்பி எடுத்து ஒட்டறீங்க? இந்த நாலும் தெரியாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

செந்தூல்_குறிமுறை | செவ்வாய், இரவு 11.15
இது படத்தின் கனம். லிங்க் காட்சிக்கான படம் 600 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் விதி. அகலம் 300 பிக்சலுக்குக் குறையக் கூடாது. ஃபேஸ்புக்குக்கு 1200க்கு 630 அளவு போட்டால் பெரிய முன்னோட்ட அட்டையாக வரும், 600க்கு 315ஐ விடச் சிறியது என்றால் ஓரத்தில் சின்னக் கட்டமாகச் சுருங்கிவிடும், 200க்கு 200க்கும் கீழே போனால் எடுக்கவே எடுக்காது. போஸ்டர் என்று சொல்லியிருக்கிறீர்கள். கேன்வா வடிவமைப்புக் கருவியில் செய்து பிஎன்ஜி கோப்பாக இறக்கினீர்களா? அதைச் சொல்லுங்கள்.

வலைக்கிழார் | புதன், காலை 6.20
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்து பலமுறை விடை பெற்றது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வலைப்பூ எந்தத் தளத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் அவசரம் என்று எழுதினால் யார் என்ன செய்ய முடியும்? ஓப்பன் கிராஃப் குறிச்சொற்கள் என்றால் என்னவென்று முதலில் படியுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் தலைப்பு, படம், விவரம், முகவரி என்று நான்கு வரிகள் இருக்கும். ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்த முறை அது. அந்த வரிகளைத்தான் எல்லாச் செயலிகளும் படிக்கின்றன. தீவிரமாக எழுதுபவர் சொந்த வழங்கியில் (சர்வரில்) வேர்ட்பிரஸ் நிறுவிக்கொள்வதே முறை.

தண்ணீர்மலை_வாசி | புதன், மதியம் 1.05
பிளாகர்தான். சொந்த டொமைன் போன மாசம் வாங்கினேன். தீம் பிளாகர் கொடுத்ததுதான். வேலைல இருக்கேன், மத்ததை ராத்திரி பாக்கறேன்.

கிள்ளான்_கீபோர்டு | புதன், மதியம் 1.30
சொந்த டொமைன்னா எச்டிடிபிஎஸ், அதாவது பக்கத்தைப் பாதுகாப்பா அனுப்பற முறைதான் பிரச்சனை, படம் இல்ல. முகவரிக்குப் பக்கத்துல "பாதுகாப்பற்றது"ன்னு வருதா? வந்தா செட்டிங்ஸ்ல எச்டிடிபிஎஸ் பகுதிக்குப் போங்க. சொந்த டொமைனுக்கு ரெண்டு பொத்தான் இருக்கும். முதல்ல கிடைக்கும்படி பண்ற பொத்தான், சான்றிதழ் வந்தப்புறம் திருப்பிவிடற பொத்தான். ரெண்டையும் ஒரே நேரத்துல தட்டினா சான்றிதழ் வர்ற வரைக்கும் பக்கம் திறக்காம எரர் காட்டும்.

செந்தூல்_குறிமுறை | புதன், மதியம் 1.52
எச்டிடிபிஎஸ் பூட்டுக் குறி இல்லாத பக்கத்துக்கும் ஃபேஸ்புக் அட்டை காட்டும், கிள்ளான். அது தனி விஷயம்.

கிள்ளான்_கீபோர்டு | புதன், மதியம் 2.10
படம் கனம்னா படம் மட்டும்தான் போகும். தலைப்பு ஏன் போகுது? அவரு தலைப்பும் வரலன்னு எழுதியிருக்காரு, மறுபடி படிங்க.

பட்டர்வொர்த்_அக்கா | புதன், மாலை 6.40
கிள்ளான் சொன்னது நல்ல புள்ளி. தலைப்பே வரலன்னா அந்தப் பக்கத்துல ஓப்பன் கிராஃப் வரியே இல்லன்னு அர்த்தம். ஆனா பிளாகரோட கான்டெம்போ, சோஹோ, எம்போரியோ மாதிரி தீமெல்லாம் அந்த வரிகளைத் தானாவே போடும். அப்ப நீங்க ஒட்டற முகவரியில பிளாகர் பக்கம் நேரா இல்ல.

தம்பி, ரெண்டு காரியம் செய்ங்க. முதல்ல, உங்க சொந்த முகவரியைத் திறந்து ஏதாவது ஒரு பதிவைத் தட்டுங்க. மேல இருக்கற முகவரி மாறுதா, அப்படியே நிக்குதா? ரெண்டாவது, பிளாகர் டேஷ்போர்டுல "வலைப்பதிவைக் காட்டு" தட்டினா வர்ற பிளாக்ஸ்பாட் முகவரியில அதே பதிவைத் திறந்து, அந்த லிங்கை ஃபேஸ்புக்லயும் வாட்ஸ்அப்லயும் போட்டுப் பாருங்க.

தண்ணீர்மலை_வாசி | புதன், இரவு 9.33
மாறாது அக்கா, எந்தப் பதிவைத் தட்டினாலும் என் டொமைன் பேரு மட்டும்தான் நிக்கும். அது நல்லதுதானே? டொமைன் வாங்கின இடத்துல "ஃபார்வர்டிங்"னு இருந்துச்சு, அதுல "மாஸ்க்" போட்டேன், பிளாக்ஸ்பாட்னு வெளிய தெரியக் கூடாதுன்னு. பூட்டும் இல்ல. பிளாக்ஸ்பாட் லிங்க் போட்டா ஃபேஸ்புக்ல படத்தோட வந்துடுச்சு! வாட்ஸ்அப்ல தலைப்பு மட்டும் வருது, படம் இல்ல.

பட்டர்வொர்த்_அக்கா | புதன், இரவு 10.25
இதை முதல் நாளே சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். மாஸ்க்தான் காரணம்.

மாஸ்க் போட்ட ஃபார்வர்டிங் உங்க டொமைன்ல ஒரு வெறும் சட்டத்தை மட்டும் வைக்கும். அந்தச் சட்டத்துக்குள்ள உங்க பிளாகர் பக்கம் தெரியுது. ஆளு பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா ஃபேஸ்புக்கோட ரோபோ சட்டத்தைத்தான் படிக்கும், உள்ள எட்டிப் பாக்காது. சட்டத்துல படமும் இல்ல, பதிவுத் தலைப்பும் இல்ல. இன்னும் மோசம், நீங்க எந்தப் பதிவுல இருந்து காப்பி எடுத்தாலும் முகப்பு முகவரிதான் போகுது. குரூப்ல தட்டுறவங்க எல்லாரும் முதல் பக்கத்துலதான் போய் இறங்கியிருப்பாங்க. பூட்டு இல்லாததும் இதனாலதான், சட்டம் வைக்கிற சர்வர்ல உங்க டொமைனுக்குச் சான்றிதழ் இருக்காது.

சரி பண்ற வழி. டொமைன் வாங்கின இடத்துக்குப் போய் ஃபார்வர்டிங்கை முழுசா நிறுத்துங்க. மூணு டபிள்யூவுக்கு ஏற்கனவே ஏதாவது ரெக்கார்டு இருந்தா அழிங்க, இல்லன்னா புதுசு சேராது. அப்புறம் பிளாகர்ல செட்டிங்ஸ், பப்ளிஷிங், கஸ்டம் டொமைன்னு போய் உங்க முகவரியை மூணு டபிள்யூவோட அடிங்க. சேமிக்கறப்ப பிளாகர் ஒரு எரர் காட்டும், பயப்படாதீங்க, அதுலதான் உங்களுக்கு வேண்டிய ரெண்டு சிநேம் ரெக்கார்டு, அதாவது ஒரு பேரை இன்னொரு முகவரிக்குக் காட்டிவிடற குறிப்பு, இருக்கும். முதல் சிநேமுக்குப் பேரு மூணு டபிள்யூ, போய்ச் சேர வேண்டிய இடம் ஜிஎச்எஸ் டாட் கூகுள் டாட் காம். இது எல்லாருக்கும் ஒண்ணுதான். ரெண்டாவது உங்க வலைப்பதிவுக்கு மட்டுமே உரியது, பேரு குட்டியாவும் சேர வேண்டிய இடம் நீளமாவும் புரியாத எழுத்துக் கோவையா இருக்கும், ஒரு எழுத்து விடாம காப்பி எடுங்க.

மூணு டபிள்யூ இல்லாம அடிக்கறவங்களுக்கு, டொமைனை சர்வர் எண்ணுக்குக் காட்டற ஏ ரெக்கார்டு நாலு: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. பேரு கட்டத்துல அட் குறி. அங்க டொமைன் வித்தவங்க வச்ச பழைய பார்க்கிங் ஏ ரெக்கார்டு இருந்தா அதையும் தூக்கிடுங்க, ஒண்ணு மிச்சம் இருந்தாலும் சில பேருக்கு உங்க பக்கமும் சில பேருக்கு விளம்பரப் பக்கமும் மாறி மாறி வரும்.

இதெல்லாம் வேலை செஞ்சப்புறம்தான் கிள்ளான் சொன்ன எச்டிடிபிஎஸ். டிஎன்எஸ்ஸை, அதாவது இந்த ரெக்கார்டுகளை, கிளவுட்ஃப்ளேர் சேவையில வச்சிருந்தா ரெக்கார்டு பக்கத்துல இருக்கற மேகக் குறியை ஆரஞ்சுல இருந்து சாம்பலுக்கு மாத்துங்க, இல்லன்னா கூகுள் சான்றிதழ் கொடுக்கறதுல தடங்கல் வரும்.

வலைக்கிழார் | வியாழன், காலை 6.05
ஆள்களம் (டொமைன்) வாங்கத் தெரிந்தவர் அதன் பெயர் ஆவணங்களையும் படித்திருக்க வேண்டும். பட்டர்வொர்த் சொன்ன முறை சரிதான். இதோடு இன்னொரு திருத்தமும் செய்துகொள்ளுங்கள். தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகர் இணைப்பின் வாலில் "பிளாக் போஸ்ட்" என்று எண்ணோடு போட்டுவிடுகிறது. எதைப் பற்றிய பதிவு என்று இணைப்பைப் பார்த்து யாருக்கும் தெரியாது. வேர்ட்பிரஸ்ஸில் இணைப்பே தமிழில் இருக்கும். தமிழ்ப் பதிவுக்குத் தமிழ் முகவரிதான் மரியாதை.

செந்தூல்_குறிமுறை | வியாழன், காலை 8.47
மரியாதை சரி, நடைமுறை பாருங்கள் ஐயா. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். இணைப்பில் அது விழுக்காட்டுக் குறியோடு 9 எழுத்தாக விரியும். "தைப்பூசம்" என்பதில் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 9 குறியீடுகள், ஆக 81 எழுத்து. "தண்ணீர்மலை" 10 குறியீடு, 90 எழுத்து. நடுவில் ஒரு கோடு சேர்த்தால் 172. வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் பதிவின் வால் பெயருக்கு 200 எழுத்துதான் இடம். மூன்றாவது சொல் நடுவில் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நான்கு வரிக்கு விழுக்காட்டுக் குறி. பெரியவர்கள் அதைப் பார்த்து வைரஸ் என்று நினைத்துத் தட்டவே மாட்டார்கள்.

வலைக்கிழார் | வியாழன், காலை 9.30
அறுந்தாலும் இணைப்பு வேலை செய்யும். உலாவியின் முகவரிப் பட்டையில் தமிழ் எழுத்தாகவே தெரியும். ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வரும், அந்தக் குழப்பம் உங்களுக்குச் சம்மதமா?

கிள்ளான்_கீபோர்டு | வியாழன், காலை 10.02
பட்டையில தமிழ், ஆனா காப்பி எடுத்து ஒட்டினா குறிதான் வருது. இவரு லிங்கை ஒட்டத்தான் கேக்கறாரு. அதுவும் பிளாகர்ல வால் பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், கோடு, அடிக்கோடு, புள்ளி தவிர எதையும் ஏத்துக்காது, அப்ப இந்த வாதமே இவருக்குத் தேவையில்ல. எழுத்துக்கூட்டல்ல குழப்பம் இல்ல ஐயா, விடுமுறை நாட்காட்டியில தைப்பூசத்தை எப்படி ஆங்கிலத்துல எழுதறாங்களோ அப்படியே எழுதுங்க, இங்க ஜனங்க அப்படித்தான் தேடறாங்க.

தம்பி, பதிவு போடறதுக்கு முன்னாடியே வலது பக்கம் பெர்மாலிங்க்ல கஸ்டம் தேர்ந்தெடுத்துடுங்க. போட்டப்புறம் மாத்தணும்னா வரைவுக்குத் திருப்பி மாத்தணும், பழைய லிங்க் செத்துடும். அதுக்கு செட்டிங்ஸ்ல கஸ்டம் ரீடைரக்ட் இருக்கு, பழைய வாலையும் புது வாலையும் அதுல போட்டு வைங்க. வருஷமும் மாசமும் பிளாகரே லிங்க்ல சேர்த்துடும், நீங்க மறுபடி சேர்க்க வேணாம்.

வலைக்கிழார் | வியாழன், காலை 10.40
தமிழை இணைப்பிலிருந்து விரட்டுவதற்கு இத்தனை பேர் வாதாடுவது வருத்தமாக இருக்கிறது. எழுத்துக்கு மூன்று பைட் ஆகிறது என்பதற்காகவா?

தண்ணீர்மலை_வாசி | வியாழன், இரவு 8.50
அக்கா எரர் 12ன்னு வருது. ரெண்டு சிநேமும் போட்டுட்டேன். எனக்கு அந்த டொமைன் மேல உரிமை இல்லங்கற மாதிரி சொல்லுது.

பட்டர்வொர்த்_அக்கா | வியாழன், இரவு 9.12
ரெண்டாவது சிநேமை பிளாகர் இன்னும் பாக்கல. ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு, நேரம். பழைய ரெக்கார்டை எத்தனை வினாடி ஞாபகத்துல வச்சிருக்கும்னு சொல்ற டிடிஎல் 3600ன்னு இருந்தா ஒரு மணி நேரமாவது விடுங்க. இன்னொண்ணு, பேரு கட்டத்துல முழு முகவரியையும் அடிச்சிருப்பீங்க. பல இடத்துல பேனலே டொமைன் பேரைப் பின்னாடி சேர்த்துடும், நீங்களும் அடிச்சா டொமைன் ரெண்டு தடவை வந்து நிக்கும். சேமிச்சப்புறம் பட்டியல்ல எப்படித் தெரியுதுன்னு பாருங்க. அந்தக் குட்டிக் கோவை மட்டும் பேரு கட்டத்துல, நீளமானது சேர வேண்டிய இடத்துல.

தண்ணீர்மலை_வாசி | வெள்ளி, மதியம் 12.48
டொமைன் ரெண்டு தடவை இருந்துச்சு. மாத்தினேன், ஏத்துக்கிச்சு. ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி வருது இப்ப. ஃபேஸ்புக்ல இன்னும் பழைய சாம்பல் கட்டம். வாட்ஸ்அப்ல தலைப்பு வருது, படம் இல்ல.

கிள்ளான்_கீபோர்டு | வெள்ளி, மதியம் 1.15
ஃபேஸ்புக் முன்னாடி படிச்சதை ஞாபகத்துல வச்சிருக்கு. "ஷேரிங் டீபக்கர்"னு தேடுங்க, ஃபேஸ்புக்கோட சொந்தக் கருவி. லாகின் பண்ணி லிங்கை ஒட்டி, மறுபடி படிக்கச் சொல்ற பொத்தானைத் தட்டுங்க. முகப்புக்கு ஒரு தடவை, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தடவை. எந்தப் படத்தை எடுக்குதுன்னும் அதுலயே தெரியும்.

செந்தூல்_குறிமுறை | வெள்ளி, மதியம் 1.33
வாட்ஸ்அப்புக்கு நான் செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. போஸ்டர் பிஎன்ஜியா? பிளாகர் அட்டைக்கான படத்தை 1200க்கு 630 ஆக வெட்டித் தரும், ஆனால் பிஎன்ஜியை பிஎன்ஜியாகவே தரும். கோபுரம், கூட்டம், காவடி என்று போட்டோ நிறைந்த போஸ்டர் அந்த அளவில் 1 எம்பியைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் ஃபேஸ்புக் காட்டியது, வாட்ஸ்அப் விட்டுவிட்டது. கேன்வாவில் ஜேபிஜி தேர்ந்தெடுத்து, தரத்தை 80 அளவில் வைத்து இறக்குங்கள், 300 கேபிக்குள் நிற்கும். பதிவில் அதுவே முதல் படமாக இருக்கட்டும், அட்டைக்கு முதல் படத்தைத்தான் பிளாகர் எடுக்கிறது. இன்னொன்று, வெட்டும்போது மேலும் கீழும் போகும். போஸ்டர் நின்ற வாக்கில் இருந்தால் தலைப்பு எழுத்து தொலைந்துவிடும். 1200க்கு 630 அளவிலேயே வரைந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அட்டையை உருவாக்குவது அனுப்புபவரின் போன். பழைய செய்தியை ஃபார்வர்டு செய்தால் பழையதே போகும். புதிதாக ஒட்டி, அட்டை மேலே வரும்வரை இரண்டு வினாடி காத்திருந்து அனுப்புங்கள். அப்போதும் பழையது வந்தால் லிங்கின் கடைசியில் கேள்விக்குறி, வி, சமக்குறி, 2 என்று சேர்த்துப் பாருங்கள். அதைப் புது முகவரியாக எடுத்துக்கொள்ளும்.

தண்ணீர்மலை_வாசி | வெள்ளி, இரவு 11.20
பிஎன்ஜிதான், 2.3 எம்பி. ஜேபிஜி போட்டேன். வந்துடுச்சு, ரெண்டுலயும். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பட்டர்வொர்த்_அக்கா | சனி, காலை 7.55
சந்தோஷம் தம்பி. மூணு டபிள்யூ இல்லாம அடிச்சா பக்கம் வருதா? ஏ ரெக்கார்டு நாலையும் போட்டா மட்டும் போதாது, பிளாகர்ல கஸ்டம் டொமைனுக்குக் கீழ திருப்பிவிடற பொத்தான் ஒண்ணு இருக்கு, அதையும் தட்டணும். போஸ்டர்ல முகவரியை மூணு டபிள்யூ இல்லாம அச்சடிச்சிருந்தா அது ரொம்ப முக்கியம். பாத்துட்டு ஒரு வரி எழுதுங்க.

கிள்ளான்_கீபோர்டு | திங்கள், இரவு 9.10
எட்டிப் பாத்தீங்களா தம்பி?